பழைய கிராபிக்ஸ் கார்டைக் கம்பெனியிடமே கொடுத்து மாற்றலாமா?

சான் ஹோசேயில் எங்கள் அபார்ட்மெண்டில் யார் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தாலும் பாகங்களின் பட்டியல் எப்படியோ என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "அண்ணா, இப்ப ஒரு கார்டு வாங்கிட்டு, புதுசு வந்ததும் கம்பெனியிலேயே கொடுத்து மாத்திக்கலாமாமே, லாபமா?" சில சமயம் லாபம்தான். எந்தச் சமயம் என்று கணக்குப் போடத் தெரிந்தால் போதும்.

முதலில் எந்த வகைத் திட்டம் என்று பாருங்கள். ஒன்று, வீட்டு மிக்ஸியைக் கொடுத்துப் புதிது வாங்குவது போன்ற எக்ஸ்சேஞ்ச். பழைய கார்டுக்கு அவர்கள் ஒரு விலை போடுவார்கள். புதிய கார்டு வாங்கினால்தான் அது கழியும். நியூஎக் என்ற ஆன்லைன் கடை 2023-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது இந்த வகை. அவர்கள் அதை மறுபடி விற்க வேண்டுமே, அதனால் நீங்களே இபேயில் விற்றால் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் போடுவார்கள். பேரம், பார்சல், ஏமாற்றுக்காரர்கள் இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும் இது சரி.

இன்னொன்று, நீங்கள் கொடுத்த விலையை அப்படியே வரவு வைத்துக்கொண்டு வித்தியாசத்தை மட்டும் வாங்கும் திட்டம். இதில் பெயர் பெற்றது, கிராபிக்ஸ் கார்டு விற்றுவந்த கலிபோர்னியா கம்பெனி இவிஜிஏவின் ஸ்டெப்-அப். கார்டு வாங்கிய 90 நாட்களுக்குள் பில்லோடு பதிந்து விண்ணப்பித்தால், காத்திருப்பு வரிசைப்படி மேல் மாடலுக்கு மாற முடிந்தது. விற்பனை வரி வரவில் சேராது, ரிபேட் (வாங்கிய பிறகு திரும்பக் கிடைத்த தள்ளுபடி) வாங்கியிருந்தால் கழித்துக்கொண்டார்கள், கார்டை அனுப்பும் செலவு நம் தலையில் விழுந்தது.

2020-ஐ எடுத்துக்கொள்வோம். ஜூலைக் கடைசியில் ஒருவர் 499 டாலருக்கு ஆர்டிஎக்ஸ் 2070 சூப்பர் வாங்குகிறார். செப்டம்பர் 1-ஆம் தேதி, இந்தக் கார்டுகளின் சிப்பைச் செய்யும் என்விடியா, அடுத்த தலைமுறையான 30 வரிசையை அறிவிக்கிறது: 3070-க்கு 499, 3080-க்கு 699. அன்றிரவே பழைய கார்டுகளின் விலை சரிந்தது. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய 2080 டிஐ கார்டுகளைப் பயத்தில் 500 டாலர் சொச்சத்துக்குத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. நம் ஆள் 2070 சூப்பரை 350-க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். இபேயும் பணம் வாங்கித்தரும் கட்டணமுமாகச் சுமார் 13 சதவீதம் போனால் கையில் நிற்பது 305. அப்படியானால் 3080-க்கு அவர் மேலே போட வேண்டியது 394. ஸ்டெப்-அப்பில் 200-ம் கூரியருக்கு ஒரு 20-ம். கிட்டத்தட்ட 175 டாலர் மிச்சம்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. கார்டு கிடைக்கவே இல்லை. ஸ்டெப்-அப் காத்திருப்பு வரிசை மாதக்கணக்கில் நீண்டது. 2021 ஜனவரியில் இறக்குமதி வரியைக் காரணம் காட்டி இவிஜிஏ 30 வரிசையின் விலையை 70 டாலர் வரை ஏற்றியது. அதற்குள் மைனிங் (இந்தக் கார்டுகளை ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) சூடுபிடித்து, 350-க்கு விலைபோன 2070 சூப்பர் வாங்கிய விலைக்கும் மேலே விற்றது. இப்போது 499 வரவு என்பது நஷ்டக் கணக்கு. அப்படியும் மாறியவர்கள் தோற்கவில்லை, ஏனென்றால் வெளியே 3080 அதன் பட்டியல் விலைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

அதனால் நான் எப்போதும் இரண்டு வித்தியாசங்களைத் தனித்தனியாக எழுதிக்கொள்வேன். பழைய கார்டுக்கு அவர்கள் தருவதிலிருந்து, நீங்களே விற்றால் கட்டணம் போகக் கையில் நிற்பதைக் கழியுங்கள். அப்புறம் புதிய கார்டின் வெளிச்சந்தை விலையிலிருந்து அவர்கள் கேட்கும் விலையைக் கழியுங்கள். இரண்டையும் கூட்டி, அனுப்பும் செலவைக் கழித்தால் விடை. இபேயில் விலை பார்க்கும்போது விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். விடை 50 டாலருக்குக் கீழே வந்தால் நான் மெனக்கெட மாட்டேன்.

எப்போது வாங்குகிறோம் என்பதில்தான் இந்தத் திட்டத்தின் உயிரே இருக்கிறது. 4070 சூப்பர் 2024 ஜனவரி 17-ல் 599 டாலருக்கு வந்தது, அதாவது சாதா 4070 அறிமுகமான அதே விலைக்கு. 90 நாள் கெடு இருந்திருந்தால் 2023 அக்டோபர் 19-க்குப் பிறகு 4070 வாங்கியவர்கள் எல்லோரும் சொற்பச் செலவில் மாறியிருக்கலாம். இருந்திருந்தால். 2022 செப்டம்பரில், 4090 வருவதற்குச் சில வாரங்களே இருக்கும்போது, கிராபிக்ஸ் கார்டுத் தொழிலையே விடுகிறோம் என்று இவிஜிஏ அறிவித்துவிட்டது. வாரண்டியைத் தொடர்ந்தார்கள், ஆனால் ஏறுவதற்கு மேல்படி இல்லை. மாற்றித் தருவார்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து ஒரு பிராண்டை வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

விதிமுறைகளில் நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள். கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது, பில் தேதியா டெலிவரி தேதியா? வரிசையில் நிற்கும்போது விலை ஏறினால் யார் கட்டுவது? மேல் மாடல் மலிவாக இருந்தால் மிச்சம் திரும்ப வருமா? (வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) செகண்ட் ஹேண்ட், ரீஃபர்பிஷ்ட் கார்டுகள் செல்லுமா? புதிய மாடல் கைக்கெட்டும் நேரத்தில் கடையின் ரிட்டர்ன் கெடு முடியாமல் இருந்தால் இந்தத் தலைவலி எதுவுமே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. ஸ்டெப்-அப் போன்ற திட்டத்தில் பழைய கார்டு அவர்கள் கைக்குப் போன பிறகுதான் புதியது கிளம்பும். ரைசன் 5 3600 மாதிரி உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பிராசசர் என்றால், அத்தனை நாளும் மானிட்டரில் ஒன்றும் வராது. இன்டெலில் பெயரின் முடிவில் எஃப் இருந்தாலும் இதே கதிதான். ரைசன் 7000 வரிசைக்காரர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். மற்றவர்கள் நண்பரிடம் ஜிடி 710 மாதிரி ஒரு பழைய சின்னக் கார்டை இரவல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புவதற்கு முன் சீரியல் நம்பர் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். கார்டு ஓடும்போது அதன் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளின் திரையையும், கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் பத்து நிமிடம் ஓடியதையும் ஒரே வீடியோவாகப் பிடித்து வையுங்கள். தண்ணீர்க் குளிர்விப்பு மாட்டியிருந்தால் பழைய கூலரைத் திரும்பப் பொருத்துங்கள். பிசிஐ தங்கப் பட்டைகளுக்கு வந்த பிளாஸ்டிக் மூடியைத் தொலைத்திருந்தால் ஆன்டிஸ்டேடிக் பை (நிலைமின்சாரம் தாக்காமல் காக்கும் பை) போதும். கூரியரில் காப்பீடு போடும்போது கார்டின் முழு விலைக்கே போடுங்கள், நீங்கள் கட்டப்போகும் வித்தியாசத்துக்கு அல்ல.