லேபிள் இல்லாத துணியா? நூலைக் கொளுத்திப் பாருங்கள்

மறுசுழற்சிக்குப் பிரிக்கும் துணியில் லேபிள் இல்லையென்றால், உள்ஓரத்திலிருந்து நான்கைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கொளுத்துங்கள். உருகும் சொட்டு தோலில் ஒட்டிச் சுடும் என்பதால் கிண்ணம் கட்டாயம் வேண்டும்.

பருத்தி செல்லுலோஸ், அதாவது செடியின் நார்ப்பொருள் என்பதால் உருகாமல், காகிதம் எரியும் வாடையோடு பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் பிளாஸ்டிக் என்பதால் உருகிக் கெட்டி மணியாக உறையும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் தரும்.

பாவு (நெடுக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். வேறுவேறு இழையாக இருக்கலாம். தையல் நூல் வேண்டாம், பருத்திச் சட்டையிலும் அது பெரும்பாலும் பாலியெஸ்டர்தான்.

பருத்திக்கும், மரக்கூழிலிருந்து செய்யும் செல்லுலோஸ் இழையான விஸ்கோஸுக்கும் வித்தியாசம் இதில் தெரியாது. கலப்பு நூலின் விகிதமும் தெரியாது. துணி இழுபடுவதற்காகச் சேர்க்கும் எலாஸ்டேன் இழை 5 சதவீதம் இருந்தால் எளிதில் தப்பிவிடும்.