பஸ்ஸில் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு பாட்காஸ்ட் குறிப்பு

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் ஆசிரியர் நான். அந்த நேரத்தில் கல்வி பாட்காஸ்ட் கேட்க ஆரம்பித்த பிறகு என் வகுப்பே மாறியிருக்கிறது, அதனால்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்துவிடுங்கள், வழியில் சிக்னலை நம்ப வேண்டாம். ஆங்கிலம் வேகமாகப் போனால் 0.8 வேகத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரு காதில் மட்டும் மாட்டினால் போதும்.

முக்கியமானது இதுதான்: ஒரு எபிசோடுக்கு ஒரே ஒரு யோசனை. இறங்குவதற்குள் அதை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி, அன்றைக்கே ஒரு வகுப்பில் செய்து பார்த்துவிட வேண்டும். நான் அப்படி எழுதியதில் ஒன்று "3 விநாடி". கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள், 3 விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகவும் யோசித்தும் வரும் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே எழுதியிருக்கிறார். ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்தும்போது மனதுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டு நின்றேன். எப்போதும் தலை குனிந்தே இருக்கும் கடைசி பெஞ்சுப் பெண் மெதுவாகக் கை தூக்கினாள். பதிலும் சரி.

அப்புறம், கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் நாங்கள் நாலு பேர் டிக்கெட்டை எடுத்துவைத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பத்து நிமிஷம் பேசுகிறோம்.