லைசென்ஸ் இல்லாமல் படகோட்டி ஓசேர் போய்ச் சேர்வது எப்படி?

பிரான்சில் வாடகைப் படகை நாமே ஓட்டிப் போக லைசென்ஸ் வேண்டாம் என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். படகு கொடுப்பவர்கள் கொஞ்ச நேரம் ஓட்டக் கற்றுக்கொடுத்து, ஒரு தற்காலிக அட்டையையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். ஓசேர் என்ற ஊரில் வந்து முடிகிற நிவெர்னே கால்வாய் மொத்தம் 174 கிலோமீட்டர். முதல் தடவையே அத்தனைக்கும் ஆசைப்படாமல், வான்செல் என்ற சின்ன ஊரில் ஏறி கால்வாயோடு சேர்ந்துவிடும் யோன் ஆற்றோடு கீழே ஓசேருக்கு வாருங்கள், ஒரு நாள் போதும். (ஓசேர் என்ற பெயரை பிரெஞ்சில் எழுதும்போது நடுவில் எக்ஸ் வரும், ஊர்க்காரர்கள் சொல்வதென்னவோ 'ஸ்' தான்.)

முதலில் ஸ்டியரிங். திருப்பிய பிறகு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் படகு திரும்பும், அதற்குள் பதறி இன்னும் திருப்பினால் நேரே கரைப் புதருக்குள் போவீர்கள். பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான் பிரேக். வேகம்? கரையில் சைக்கிளில் போகும் பாட்டி உங்களைத் தாண்டிப் போவார்.

அடுத்தது லாக். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி. உள்ளே போனதும் பின்கதவை மூடி, முன்கதவில் உள்ள மடையைத் திறப்பார்கள், பல இடங்களில் இன்னமும் கையால்தான். தண்ணீர் இறங்க இறங்கப் படகும் இறங்கும். பக்கத்திலேயே தடுப்பணை இருக்கும், அந்தப் பக்கம் போய்விடாதீர்கள், அம்புக்குறிப் பலகையைப் பாருங்கள்.

இங்கேதான் கயிறு விஷயம். மேலே உள்ள கட்டையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். முடிச்சுப் போடவே கூடாது. நான் போட்டேன். தண்ணீர் இறங்கியது, படகின் ஒரு பக்கம் மட்டும் சுவரில் தொங்கியது, அடுப்படித் தட்டெல்லாம் சரசரவென்று சரிந்து வந்தது, லாக்கைப் பார்த்துக்கொள்கிறவர் கத்திக்கொண்டே ஓடிப் போய் மடையை மூடினார். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் அவர் சொன்னது அத்தனையும் புரிந்தது!

பகல் 12 முதல் 1 வரை லாக் திறக்க மாட்டார்கள், சாப்பாட்டு நேரம். 11.50-க்கு வந்து ஹாரன் அடிக்காமல் நீங்களும் சமையலை ஆரம்பியுங்கள்.

சரி, ஓசேர் வந்தாச்சு. இடது கரையில் சேன்ட் எத்தியேன் பேராலயம், அதற்கு எதிர்க்கரையில் படகுத்துறை. ஆற்றோட்டத்தோடு வந்த வேகத்தில் அப்படியே ஒதுக்கப் பார்த்தால் தண்ணீர் தள்ளிக்கொண்டு போய்விடும், அதனால் துறையைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி, ஓட்டத்தை எதிர்த்து மெதுவாக வந்து, முன்கயிற்றை முதலில் கட்டுங்கள். இங்கே முடிச்சுப் போடலாம்.

அப்புறம் நடைப்பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போய், மணிக்கூண்டுத் தெருவில் ஒரு சுற்று வாருங்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் வார்த்தை 'போன்ஜூர்', அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் கடைக்காரர் முகம் மாறிவிடும். திங்கட்கிழமை பாதிக் கடை பூட்டியிருக்கும், ரொட்டியை முந்தின நாளே வாங்கி வையுங்கள். ரொட்டிக் கடையில் கூஜேர் இருந்தால் நாலு வாங்குங்கள்: நம் போண்டா அளவில், உள்ளே காற்றும் சீஸ் வாசனையுமாக இருக்கும், படகுக்கு வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும்.