டேங்க் காலின்னா லைன் காலின்னு அர்த்தம் இல்ல: குளிருக்கு முன்னாடி மோட்டார்ஹோம் தண்ணியை வடிக்கிற முறை

ஈஸ்டர் லீவுக்கு கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, குளிர்காலம் முழுக்க சும்மா நின்ன எங்க மோட்டார்ஹோம்ல, அதாவது உள்ளயே படுக்கை, கிச்சன், ஷவர் எல்லாம் இருக்கிற வண்டியில, தண்ணி ரொப்பிட்டு பம்ப் சுவிட்சை போட்டேன். வழக்கமா கொஞ்ச நேரம் உறுமும், லைன்ல பிரஷர் ஏறினதும் தானா நின்னுடும். அன்னிக்கு நிக்கவே இல்ல. பைப்ல காத்து இருக்கும், போகப்போக சரியாயிடும்னு வீட்டுக்குள்ள டீ போட போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா துணி அலமாரிக்கு அடியில இருந்து கார்பெட் மேல தண்ணி ஓடிக்கிட்டு இருக்கு. ஷவர் மிக்ஸர், அதான் சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் கலந்து வர்ற குழாய், நெடுக்க பிளந்திருந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா நவம்பர்லயே தண்ணியை வடிச்சாச்சுன்னு நான் நிம்மதியா இருந்தேன். டேங்க் வால்வை திறந்தேன், தண்ணி தபதபன்னு கீழ ஊத்தினதை கண்ணால பார்த்தேன், மூடினேன், பூட்டினேன். டேங்க் காலிதான். ஆனா பைப்புக்குள்ள, ஹீட்டருக்குள்ள, ஷவர் ஹோஸுக்குள்ள நின்ன தண்ணியை யார் வடிக்கிறது? அதுக்குத்தான் இந்த பதிவு.

நாங்க இருக்கிறது இங்கிலாந்துல லெஸ்டர் பக்கம். வண்டி ஃபியட் டுகாட்டோ வேன் மேல கட்டின, 4 பேர் படுக்கிற மாதிரி, செகண்ட் ஹேண்ட். உள்ள ட்ரூமா காம்பி ஹீட்டர் (அறையையும் தண்ணியையும் ஒண்ணே சூடாக்கும்), பிரஷர் பம்ப், கேசட் டாய்லெட் (கழிவு சேர்ற பெட்டியை வெளிய உருவி காலி பண்ற வகை). உங்க வண்டியில வேற ஹீட்டர் இருந்தா வால்வு இருக்கிற இடம், மாடல் மாறும், மேனுவலை ஒரு தடவை பாருங்க. மத்தபடி தண்ணி எல்லா வண்டியிலயும் ஒரே மாதிரிதான் ஒளிஞ்சுக்கும்.

தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருசாகும். ஃப்ரீசர்ல தண்ணி பாட்டிலை மறந்து வெச்சவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. டேங்க்ல மேல இடம் இருக்கு, அதனால தப்பிச்சுக்கும். குழாய், பம்ப் ஃபில்டர், ஹீட்டர் மாதிரி இடுக்கமான இடத்துலதான் வெடிக்கும்.

எப்ப பண்ணணும்

எங்க வீட்டு கணக்கு, தீபாவளி பட்சணம் டப்பால தீர்றதுக்குள்ள பண்ணிடணும். தேதி எல்லாம் முக்கியமில்ல, ராத்திரி 3, 4 டிகிரின்னு ஃபோர்காஸ்ட் காட்ட ஆரம்பிச்சா தள்ளிப்போடாதீங்க. ஹீட்டிங் போட்டு வண்டியிலயே தங்கிக்கிட்டு இருந்தா கவலை இல்ல, ஆளில்லாம நிக்கிற வண்டிக்குத்தான் இவ்வளவு பாடு.

தேவையான சாமான்

10 லிட்டருக்கு மேல பிடிக்கிற ஒரு பக்கெட், டார்ச், ரெண்டு பழைய துண்டு, வண்டியை லெவல் பண்ண வெச்சிருக்கிற அந்த பிளாஸ்டிக் ரேம்ப். அவ்வளவுதான். யூட்யூப்ல பெரிய கம்ப்ரஸர் வெச்சு காத்தடிக்கிறாங்க, பார்க்க ஜோராத்தான் இருக்கு, ஆனா மோட்டார்ஹோம் பைப்பெல்லாம் அந்த பிரஷருக்கு பண்ணினது இல்ல, ஜாயின்ட் கழண்டா ஐஸ் பண்ண வேண்டிய வேலையை நாமளே பண்ணின மாதிரி. புதுசா ஆரம்பிக்கிறவங்க அந்த பக்கம் போகாதீங்கன்னுதான் சொல்லுவேன்.

ஸ்டெப் 1: ஹீட்டரையும் பம்பையும் ஆஃப் பண்ணுங்க

ஹீட்டர்ல 60 டிகிரி செட்டிங்ல தண்ணி காய்ச்சியிருந்தா அது ஆறட்டும். சுடுதண்ணி வர்ற பைப்புக்கு கீழ பக்கெட்டோட உக்காந்து கையை சுட்டுக்காதீங்க. பம்பை ஆஃப் பண்றதை மறந்தா, நீங்க ஒரு பக்கம் திறக்க திறக்க அது டேங்க்ல இருந்து இன்னும் தண்ணியை லைனுக்குள்ள தள்ளிக்கிட்டே இருக்கும்.

ஸ்டெப் 2: டேங்கை வடிங்க

இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். டேங்க் வடியற ஓட்டை எந்த மூலையில இருக்குன்னு பார்த்துட்டு, அதுக்கு எதிர்ப்பக்க வீல் ரெண்டையும் ரேம்ப்ல ஏத்தி நிறுத்துங்க. எங்க டிரைவ்வே கொஞ்சம் சரிவா இருக்கறதால நான் வண்டியை திருப்பி மட்டும் நிறுத்துவேன். போன வருஷம் ஊர்ல இருந்து வந்திருந்த அம்மா இதை பார்த்துட்டு, "நல்ல வீட்டை பூட்டிட்டு தகர டப்பாக்குள்ள படுக்கணும்னு உனக்கு என்னடா தலையெழுத்து"ன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு வேல்ஸ்ல மலை ஓரத்துல நிறுத்தி காபி போட்டு குடுத்தப்புறம் அந்த பேச்சு வரல.

ஸ்டெப் 3: ஹீட்டர் வால்வு

காம்பி ஹீட்டருக்குள்ள மட்டும் 10 லிட்டர் தண்ணி நிக்கும். டேங்க் காலியானாலும் இது அப்படியேதான் இருக்கும். ஹீட்டர் பக்கத்துல, பெட்டுக்கு அடியிலயோ அலமாரிக்குள்ளயோ, ஃப்ராஸ்ட் கன்ட்ரோல்னு ஒரு சின்ன வால்வு இருக்கும், ஒரு திருகு, ஒரு பட்டன். திருகை திருப்பினா பட்டன் வெளிய துள்ளிக்கிட்டு வரும், வண்டிக்கு அடியில இருக்கிற பைப் வழியா தண்ணி வடிய ஆரம்பிக்கும்.

பக்கெட்டை அந்த பைப்புக்கு நேரா வைங்க, எவ்வளவு வருதுன்னு அளந்து பாருங்க. 10 லிட்டர் வரணும். எனக்கு அந்த வருஷம் ரெண்டு மக் தண்ணி வந்துச்சு, நின்னுடுச்சு, ஓகே முடிஞ்சதுன்னு எழுந்துட்டேன். மீதி தண்ணி உள்ளயே இருந்திருக்கு. ஏன் நின்னுச்சுங்கறதுதான் அடுத்த ஸ்டெப், இதை மட்டும் நிதானமா படிங்க.

ஸ்டெப் 4: எல்லா குழாயையும் திறங்க, லிவர் நடுவுல இருக்கணும்

எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டு கவுத்தா எண்ணெய் விக்கி விக்கித்தான் இறங்கும், எதிர் மூலையில இன்னொரு ஓட்டை போட்டாத்தான் சரசரன்னு வரும் இல்லையா, இங்கயும் அதே கதைதான். கீழ தண்ணி போகணும்னா மேல காத்து உள்ள வரணும். காத்து வர்ற வழி நம்ம குழாய்தான்.

நான் குழாயை திறக்கத்தான் செஞ்சேன். ஆனா லிவரை பச்சத்தண்ணி பக்கமே விட்டுட்டேன். மோட்டார்ஹோம்ல இருக்கிறது ஒத்த லிவர் மிக்ஸர், ஒரு பக்கம் பச்சத்தண்ணி, இன்னொரு பக்கம் சுடுதண்ணி. பச்சத்தண்ணி பக்கம் தள்ளி திறந்தா சுடுதண்ணி லைன் மூடியே இருக்கும், அதுல காத்து போகாது, ஹீட்டரும் வடியாது, மிக்ஸருக்குள்ள இருக்கிற தண்ணியும் அப்படியே நிக்கும். ஜனவரி குளிர்ல அது ஐஸ் ஆச்சு, மிக்ஸர் பிளந்துச்சு. இவ்வளவுதான் விஷயம், லிவரை ரெண்டு விரக்கடை நகர்த்தாததுக்கு ஒரு புது மிக்ஸரும் ஒரு ஞாயித்துக்கிழமையும் போச்சு.

அதனால கிச்சன், வாஷ்பேசின், ஷவர் மூணையும் லிவரை தூக்கி நடுவுல நிறுத்துங்க. சந்தேகமா இருந்தா முதல்ல முழுசா சுடுதண்ணி பக்கம், அப்புறம் முழுசா பச்சத்தண்ணி பக்கம், கடைசியா நடுவுல. இப்ப போய் பக்கெட்டை பாருங்க, களக் களக்னு சத்தத்தோட மீதி தண்ணியும் வரும்.

ஷவருக்கு இன்னொரு வேலை இருக்கு. ஹேண்டிலை கொக்கியில மாட்டின மேனிக்கு விட்டா ஹோஸ் வளைஞ்சு தொங்கற இடத்துல தண்ணி தேங்கும். ஹேண்டிலை கழட்டுங்க, ஹோஸை தரையோட தரையா இறக்கி நல்லா உதறுங்க, அப்படியே கீழயே போட்டுடுங்க. வெளிப்பக்கம் கால் கழுவ ஷவர் பாயின்ட் இருக்கிற வண்டின்னா அதையும் திறங்க, அதை பாதி பேர் மறந்துடறாங்க.

ஸ்டெப் 5: பம்ப்

குழாயெல்லாம் திறந்தே இருக்கட்டும், பம்பை ஒரு பத்து செகண்ட் ஓட விடுங்க, உள்ள இருக்கிறது துப்பிட்டு வரும். அதுக்கு மேல வறட்டு ஓட்டம் ஓட்டாதீங்க. பம்ப் வாயில கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கிண்ணத்தோட ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும், அதை கையால திருகி கழட்டி தண்ணியை கொட்டுங்க. அடியில துண்டு போட்டுக்கங்க. உள்ள இருக்கிற வலையில பிளாஸ்டிக் சீவல், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்திருக்கும், அதையும் அப்படியே கழுவிடலாம். கழட்டின ஃபில்டரை நான் கிச்சன் சிங்க்லயே வெச்சுடுவேன், அடுத்த சீசன்ல அதை பார்த்ததும் மாட்டணும்னு ஞாபகம் வரும்.

ஸ்டெப் 6: டாய்லெட், கழிவுத்தண்ணி

கேசட்டை காலி பண்ணி கழுவுங்க. ஃப்ளஷ் டேங்க் தனியா இருந்தா அதையும் வடிச்சுட்டு, தண்ணி வராம போற வரைக்கும் ஃப்ளஷ் பட்டனை அழுத்துங்க. கேசட் மூடியை கொஞ்சம் திறந்த மாதிரி விட்டா ரப்பர் சீல் ஒட்டிக்காது. கழிவுத்தண்ணி டேங்க் வால்வை, அதுக்குன்னு இருக்கிற இடத்துல காலி பண்ணினப்புறம், குளிர்காலம் முழுக்க திறந்தே விடுங்க.

சிங்க் அடியில வளைவு பைப் இருந்தா அதுல மட்டும் தண்ணி நிக்கும். அதுக்கு ஆன்டிஃப்ரீஸ் ஊத்தறவங்க ஊத்தலாம், ஆனா கார் ரேடியேட்டருக்கு ஊத்தற எத்திலீன் கிளைகால் வகையை தயவுசெஞ்சு தண்ணி லைன் பக்கமே கொண்டு வராதீங்க, அது விஷம். குடிதண்ணி லைனுக்குன்னே ப்ரொப்பிலீன் கிளைகால்ல பண்ணினது தனியா விக்குது.

கடைசியா ஒரு சீட்டுல "குழாய் எல்லாம் திறந்திருக்கு, பம்ப் போடாதே"ன்னு எழுதி ஸ்டியரிங்ல ஒட்டுங்க. மெத்தை, சீட் குஷன் எல்லாத்தையும் நிமிர்த்தி வைங்க, லாக்கர் கதவுகளை திறந்து விடுங்க, காத்து ஓடினா பூஞ்சை பிடிக்காது. சாம்பார் வாசனையும் போகும்னு சொல்ல ஆசைதான், ஆனா எங்க வண்டியில அது போகல.

அப்டேட் 1: "வால்வு மூடவே மாட்டேங்குது"

இதை போட்டப்புறம் கமெண்ட்ல மூணு பேர் ஒரே கேள்வி. பிப்ரவரி, மார்ச்ல திரும்ப தண்ணி ரொப்பறப்ப ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் பட்டனை அழுத்தினா துள்ளிக்கிட்டே இருக்கு, ரொப்பற தண்ணியெல்லாம் வண்டிக்கு அடியில ஓடுது, வால்வு கெட்டுப்போச்சான்னு கேட்டிருந்தாங்க. கெடல. அந்த வால்வு சுமார் 3 டிகிரிக்கு கீழ போனா தானா திறந்து ஹீட்டரை காலி பண்ணிடும், மறுபடி 7 டிகிரிக்கு மேல ஏறினாத்தான் மூட விடும். கரண்ட் கூட வேணாம், அதுபாட்டுக்கு வேலை செய்யும்.

இதுல நானே ஏமாந்திருக்கேன். வண்டிக்குள்ள 20 டிகிரி, டி-ஷர்ட்டோட உக்காந்திருக்கேன், வால்வு மட்டும் அடம் பிடிக்குது. வால்வுக்கு தெரியறது அது இருக்கிற மூலையோட குளிர்தான், நம்ம ஹாலோடது இல்ல. மொதல்ல தண்ணி ரொப்பாம ஹீட்டிங்கை மட்டும் போடுங்க, காம்பி காலியா இருந்தாலும் அறையை மட்டும் சூடாக்கும். பெட் பலகையை, லாக்கர் கதவை திறந்து சூடு உள்ள போக விடுங்க. அவசரம்னா வெந்நீர் பையை அந்த வால்வு பக்கத்துல பத்து நிமிஷம் வைங்க. அப்புறம் திருகை பழைய இடத்துக்கு திருப்பி, பட்டனை அழுத்தினா பொருந்தி நிக்கும்.

சில பேர் பட்டன்ல துணி கிளிப்பை மாட்டி வலுக்கட்டாயமா மூடி வைக்கிறாங்க. ராத்திரி கேஸ் தீர்ந்து ஹீட்டிங் நின்னா உங்க ஹீட்டரை காப்பாத்த இருக்கிற ஒரே ஆள் அதுதான், அவன் கையை கட்டிப்போட்டுட்டு தூங்கற மாதிரி.

அப்டேட் 2

கனடாவுல இருந்து ஒரு அக்கா, "தம்பி, எங்களுக்கு இங்க மைனஸ் 25, உங்க பக்கெட் வைத்தியம் பத்தாது"ன்னு எழுதியிருந்தாங்க. நியாயம்தான். அங்கெல்லாம் வடிச்சப்புறம் ஹீட்டரை பைபாஸ் பண்ணிட்டு அந்த பிங்க் கலர் ஆன்டிஃப்ரீஸை லைன் முழுக்க பம்ப்லயே ஏத்திடறாங்க. நான் சொன்னது இங்கிலாந்து குளிருக்கு.

அப்படியே கேஸ் பத்தியும் ஒருத்தர் கேட்டாரு. இங்க இங்கிலாந்துல நீல சிலிண்டர்ல இருக்கிறது பியூட்டேன், அது 0 டிகிரி பக்கம் வந்தாலே ஆவியாகறது நின்னுடும், சிலிண்டர் கனமாத்தான் இருக்கும், அடுப்பு எரியாது. குளிர்ல போறவங்க சிவப்பு சிலிண்டர் ப்ரொப்பேன் வாங்குங்க, அது மைனஸ் 42 வரைக்கும் தாங்கும். கனெக்ஷன் வேற, அதுக்குண்டான ஹோஸ் வேணும், கடையில சொல்லியே வாங்குங்க.

திரும்ப ரொப்பறப்ப

ஃபில்டரை மாட்டி, வால்வெல்லாம் மூடி, குழாயெல்லாம் மூடிட்டு டேங்கை கால்வாசி மட்டும் ரொப்புங்க. பம்பை போட்டு ஒவ்வொரு குழாயா திறந்து காத்து போற வரைக்கும் விடுங்க, சுடுதண்ணி பக்கம் ஹீட்டர் நிறையணும், அதனால நேரமாகும். எல்லாத்தையும் மூடினதும் பம்ப் நிக்கணும். நின்னதும் டீ போட போயிடாதீங்க. ரேடியோவை ஆஃப் பண்ணிட்டு, பம்ப் சுவிட்சை ஆன்லயே விட்டு, அரை மணி நேரம் வண்டிக்குள்ளயே உக்காருங்க. யாரும் குழாயை தொடாம பம்ப் ஒரே ஒரு தடவை டக்குனு உறுமினாலும் எங்கயோ சொட்டுது, டார்ச்சை எடுத்துக்கிட்டு ஷவர் பக்கத்துல இருந்து தேட ஆரம்பிங்க.