ஊட்டிக் குளிரில் பறவை பார்க்கக் குழுவாகப் போகிறீர்களா?

பங்குனி வந்துவிட்டால் சமவெளியில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. அந்த நினைப்பிலேயே ஒற்றைச் சட்டையோடு ஊட்டிக்கு வந்து, விடியற்காலையில் சோலை ஓரத்தில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நிற்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவராவது இருக்கிறார். விரல் விறைத்தவரால் பைனாகுலரின் சக்கரத்தைத் திருப்ப முடியாது. ஸ்வெட்டரும் கையுறையும் கட்டாயம். பளிச்சென்ற நிறம் மட்டும் வேண்டாம்.

மூச்சுக் காற்று பட்டுப் பைனாகுலரின் கண்ணாடி மங்கினால் மஃப்ளர் நுனியால் தேய்க்காதீர்கள். தூசியோடு தேய்த்தால் மேற்பூச்சில் கீறல் விழும். கண்ணிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தால் தானே தெளிந்துவிடும்.

ஆனால் குளிரைவிட அதிகம் கெடுப்பது நம் வாய்தான். "அதோ, அந்த மரத்தில்!" என்று ஒருவர் கையை நீட்டிக் கத்துவார். எந்த மரம்? அங்கே இருப்பதெல்லாம் மரம்தானே. "பாசி படர்ந்த அடிமரம், இடப்பக்கம் இரண்டாவது கிளை" என்று மெல்லச் சொன்னால் பத்துப் பேருக்கும் கிடைக்கும். கருப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் புதருக்குள் தாழ்வாகத்தான் உட்காரும். எல்லோரும் அண்ணாந்து நிற்க, அது முழங்கால் உயரத்தில் ஒரு பூச்சியைக் கொத்திக்கொண்டு போய்விடும்.

என்னால் பொறுக்க முடியாதது செல்போன். நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை நீலகிரியின் உயரப் பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. குரல் கேட்கும், உருவம் தெரியாது. உடனே யாராவது அதன் குரலைச் செல்போனில் ஒலிக்கவிடுவார். அதுவோ கூடு கட்டும் காலம். தன் இடத்துக்குள் வேறொன்று புகுந்துவிட்டதாக எண்ணி, கூட்டையும் இரையையும் விட்டுப் பாய்ந்து வரும். நமக்கு ஒரு படம். அதற்கு வெட்டி அலைச்சல். பேசாமல் பத்து நிமிடம் நின்றுதான் பாருங்களேன்.

ஏழு மணிக்கே "இன்றைக்கு ஒன்றுமில்லை" என்று திரும்புவதும் தவறு. மலைச்சோலையில் வெயில் பட்டுப் பூச்சிகள் அசையத் தொடங்கிய பிறகுதான் பல இனப் பறவைகள் கூட்டமாக இரை தேடக் கிளம்பும்.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளமான இ-பேர்டில் பதியும்போது ஆளாளுக்குத் தனிப் பட்டியல் போடாதீர்கள். மூன்று சிரிப்பான் முப்பதாகிவிடும். ஒருவர் பதிந்து மற்றவர்களுடன் பகிர்ந்தால் போதும். செம்மீசைச் சின்னான் எங்கும் இருப்பதுதானே என்று விட்டுவிடவும் வேண்டாம். அதையும் எண்ணிப் போடுங்கள்.