எந்தக் கம்பெனியின் சீருடை? டர்பன் பக்கத்து இளம் விமானிகளுக்கு

சிபிஎல் (வணிக விமானி உரிமம்) கைக்கு வந்து, ஏடிபிஎல் (ஏர்லைன் விமானி உரிமம்) பாடங்களும் தேறியதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எஸ்ஏஏயில் எப்போது சேர்கிறாய்?" என்பதுதான். அதில் பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது. நிறவெறி ஆட்சியில் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸின் காக்பிட்டுக்குள் இந்திய வம்சாவளியினரான நம்மவர் உட்காரவே முடியாது என்றிருந்தது. அதனால் அந்த மூன்றெழுத்துக்கு இன்னும் தனி மதிப்பு. ஆனால் 'பெரிய கம்பெனி என்றால் நிரந்தரம்' என்ற கணக்கு தென்னாப்பிரிக்காவில் பலமுறை பொய்த்துவிட்டது. 1934இல் தொடங்கிய எஸ்ஏஏ 2019 டிசம்பரில், கடனில் மூழ்கும் கம்பெனியைக் காப்பாற்றும் சட்ட வழியான வணிக மீட்பு நடவடிக்கைக்குள் போனது. 2021 செப்டம்பரில்தான் மறுபடி பறந்தது. 1946 முதல் பறந்த கோம்ஏர், தன் மலிவுவிலைப் பிரிவான குலுலாவையும் சேர்த்துக்கொண்டு 2022 ஜூனில் மூடியது. மலிவுவிலைக் கம்பெனிகளில் 1டைம் 2012இலும் மாங்கோ 2021இலும் நின்றன. இத்தனைக்கும் நடுவில் வளர்ந்து நிற்பவை ஏர்லிங்க் என்ற பிராந்தியக் கம்பெனியும் ஃபிளைசஃபேர் என்ற மலிவுவிலைக் கம்பெனியும்.

ஆகவே எந்த வகைக் கம்பெனி என்று முதலில் பார்க்காதீர்கள். கம்பெனி மூழ்கினால் உங்களோடு கரையேறுவது எது, அதோடு சேர்ந்து மூழ்குவது எது என்று பாருங்கள். லாக்புக்கில் ஏறிய பறத்தல் மணிகள் உங்களுடையவை. பதவி உயர்வு, விடுப்பு வரிசையைத் தீர்மானிக்கும் சீனியாரிட்டி எண் கம்பெனியுடையது. வேறு இடத்துக்குப் போனால் பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும், பத்து வருடம் கேப்டனாக இருந்திருந்தாலும்.

எடை, எஞ்சின், இருக்கை

வளைகுடா, ஆசிய வேலை விளம்பரங்களில் மொத்த மணியை மட்டும் கேட்பதில்லை. "இத்தனை டன்னுக்கு மேற்பட்ட ஜெட்டில், இரு விமானிகள் ஓட்டும் முறையில்" என்று கேட்பார்கள். அதனால் 'பிராந்தியம்' என்ற பெயரை விட்டுவிட்டு, நீங்கள் ஏறப்போகும் விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடையைப் பாருங்கள். பீச் 1900டி எட்டு டன்னுக்கும் குறைவு. டாஷ் 8 கியூ400 சுமார் 29 டன். ஆனால் சுழல்விசிறியால் ஓடும் டர்போபிராப் என்பதால் ஜெட் கேட்கும் விளம்பரத்தில் அது செல்லாது. எம்ப்ராயர் 135 சுமார் 20 டன், ஜெட்தான். ஆனால் பல விளம்பரங்களின் எல்லைக் கோட்டிலேயே நிற்கும். எம்ப்ராயர் 190 ஏறக்குறைய 50 டன். போயிங் 737-800க்கு 79, ஏர்பஸ் ஏ320க்கு 77, 78.

ஒரே பிராந்தியக் கம்பெனிக்குள் 135உம் 190உம் இருக்கும்போது, எதில் போடுவார்கள், எத்தனை மாதம் கழித்து மாற்றுவார்கள் என்பதுதான் கேள்வி. ஏர்லிங்கின் 190 செயின்ட் ஹெலினாவுக்குப் போகிறது. அந்தத் தீவில் மலை விளிம்பில் ஓடுபாதை. இறங்கும் நேரத்தில் காற்றின் திசையும் வேகமும் சட்டென்று மாறும். தனிப் பயிற்சி இல்லாமல் அங்கே யாரையும் அனுப்பமாட்டார்கள். அப்படிப்பட்ட பறத்தல் மலிவுவிலைக் கம்பெனியில் கிடைக்காது. அங்கே கிடைப்பது வேறு: ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்), கேப் டவுன், டர்பன் என்று ஒரே பாதையில், ஒரே விமானத்தில், உலகம் முழுக்க ஏற்கும் 737 மணிகள். எஸ்ஏஏயின் ஏ330 போன்ற அகல உடல் விமானங்களில் பெர்த், சாவோ பாலோ என்று நீண்ட தூரம் போகலாம். ஆனால் மணி சேருமே தவிர கை சேராது. பத்து மணி நேரப் பயணத்தில் ஒரே ஒரு இறக்கம், அதையும் குழுவில் மூன்று நான்கு பேர் பங்கு போட வேண்டும். 90 நாளில் மூன்று புறப்பாடு, மூன்று இறக்கம் என்ற விதியைக் காப்பாற்றச் சிலர் சிமுலேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். முதல் வேலைக்கு அகல உடல் விமானத்தை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

1500 மணி இருந்தும் ஏடிபிஎல் கிடைக்காத கதை

இதில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். ஏடிபிஎல்லுக்கு மொத்தம் 1500 மணி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சர்வதேச விதியில் அதற்குள் இன்னும் சில எண்கள் இருக்கின்றன: இரவில் 100 மணி, கருவிகளைப் பார்த்துப் பறந்தது 75, ஊர்விட்டு ஊர் பறந்தது 200, பிஐசியாக, அதாவது பொறுப்பு விமானியாக, 250. வலது இருக்கையில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக, உட்கார்ந்து ஆயிரம் மணி சேர்த்தாலும் அது பிஐசி கணக்கில் ஏறாது. சிபிஎல் முடிக்கும்போது கையில் நூறு சொச்சம் பிஐசி மணிதான் இருக்கும்.

மீதியை நிரப்ப இரண்டு வழி. ஒன்று, ஏர்லைனுக்கு முன்பே பயிற்றுநராகவோ, போட்ஸ்வானாவின் மாவுனில் செஸ்னா 206, கேரவன் ஓட்டியோ சேர்த்துக்கொள்வது. மற்றது, கேப்டனின் மேற்பார்வையில் பிஐசியாகப் பறந்த மணி. சொந்த பிஐசி குறைந்தது 70 இருந்தால், மிச்சத்தை இப்படி ஈடுகட்டலாம். ஆனால் அதற்குக் கம்பெனியின் செயல்முறைக் கையேட்டில் இடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு செக்டாருக்கும் (ஒரு புறப்பாடு, ஒரு இறக்கம்) கேப்டன் கையெழுத்து வேண்டும். இரண்டு வருடம் கழித்து, அந்தக் கேப்டன் தோஹாவுக்குப் போன பிறகு, கையெழுத்துக்கு அலைந்து பயனில்லை. பார்க்கிங் பிரேக் போட்டு, செக்லிஸ்ட் முடிந்ததும், சீட்டை விட்டு எழுவதற்கு முன்பே லாக்புக்கை நீட்டுங்கள். விமானி உரிம விதிகளான பகுதி 61இன் இப்போதைய வாசகத்தையும் விமானத்துறை ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், திருத்தங்கள் வரும்.

இடது இருக்கைக்கு எத்தனை வருடம்?

"மூன்று வருடத்தில் கேப்டன்" என்று நேர்காணலில் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நீங்களே கணக்குப் போடுங்கள். குறுந்தூர விமானம் ஒன்றுக்கு ஐந்து ஜோடி விமானிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு விமானம் என்றால் 30 கேப்டன், 30 ஃபர்ஸ்ட் ஆபீசர். ஃபர்ஸ்ட் ஆபீசர்களின் சீனியாரிட்டி வரிசையில் உங்கள் இடம் 25. வருடத்துக்கு மூன்று கேப்டன்கள் ஓய்வு பெறுகிறார்கள் அல்லது வெளிநாடு போகிறார்கள் என்றால், எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதே கம்பெனிக்கு இரண்டு விமானம் கூடுதலாக வந்தால் பத்துக் கேப்டன் இடம் புதிதாகத் திறக்கும். ஐந்து வருடத்தில் உங்கள் முறை. இரண்டு விமானம் குத்தகை முடிந்து திரும்பிப் போனால்? பத்துக் கேப்டன்கள் கூடுதலாக நிற்பார்கள், வரிசை நகரவே நகராது. ஆட்குறைப்பில், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற முறையைத்தான் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வெளியே போகிறவருக்குச் சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்ச இழப்பீடு, வேலை பார்த்த ஒரு வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம்.

கேட்க வேண்டியவை: எத்தனை விமானம், அவற்றில் எத்தனை குத்தகை, குத்தகை எப்போது முடிகிறது, 60 வயதைத் தாண்டிய கேப்டன்கள் எத்தனை பேர் (இரு விமானி விமானத்தில் வயது வரம்பு 65). இதை மேலாளரிடம் கேட்பதைவிட, இரண்டு வருடம் முன்பு சேர்ந்த ஃபர்ஸ்ட் ஆபீசரிடம் கேளுங்கள்.

டோங்காட்டில் வீடு, கெம்ப்டன் பார்க்கில் தூக்கம்

டோங்காட்டிலிருந்தும் வெருலத்திலிருந்தும் டர்பனின் கிங் ஷாகா விமான நிலையம் கைக்கெட்டும் தூரம். ஆனால் வேலைகளில் பெரும்பகுதி ஜோபர்க்கில். காலை ஆறு மணி விமானத்துக்கு ஐந்து மணிக்கு ஆஜராக வேண்டும். டர்பனிலிருந்து கிளம்பும் முதல் விமானம் ஜோபர்க் சேரும்போது ஏழு தாண்டிவிடும். ஆகவே முந்தைய இரவே போய், ஜோபர்க் விமான நிலையத்தை ஒட்டிய கெம்ப்டன் பார்க்கில் நாலு பேர் பங்கு போட்ட அறையில் படுக்க வேண்டும். அந்த வாடகையும் இரவும் சம்பளச் சீட்டில் எங்கும் தெரியாது. ஊழியர் டிக்கெட் என்பது ஸ்டாண்ட்பைதான், சீட் மிஞ்சினால்தான் இடம். மாதக் கடைசி வெள்ளி, ஈஸ்டர், டர்பன் ஜூலை குதிரைப் பந்தய வாரம், டிசம்பர்ப் பள்ளி விடுமுறை, இந்த நாட்களில் சீட்டை நம்பிக் கிளம்பாதீர்கள்.

விடுப்பும் சீனியாரிட்டிப்படியே. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழா ஈஸ்டரில் வரும். அந்த வாரம் எல்லோருக்கும் விடுப்பு வேண்டும். முதல் சில வருடம் காவடி, தீபாவளி இரண்டில் ஒன்றையாவது காக்பிட்டில்தான் கழிப்பீர்கள் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மலிவுவிலைக் கம்பெனியில் ஒரு நாள் எப்படி இருக்கும்? ஜோபர்க்–டர்பன் இரண்டு முறை போய்வருவது, நான்கு செக்டார். ஒவ்வொன்றும் ஒரு மணி பத்து நிமிடம். பறத்தல் 4 மணி 40 நிமிடம். இடையில் மூன்று முறை 35 நிமிடம், முன்னே ஒரு மணி, பின்னே அரை மணி: பணி நேரம் ஏறக்குறைய எட்டு மணி. கேப் டவுன் ஒருமுறை போய்வந்தால் பறத்தல் 4 மணி 20 நிமிடம், பணி ஆறரை மணி. படிப்பணம் பறத்தல் மணிக்குத்தான் என்றால், டர்பன் நாளில் கூடும் அந்த ஒன்றரை மணியில் ஒரு மணி பத்து நிமிடம் இலவசம். பிராந்தியக் கம்பெனியின் முக்கால் மணிச் செக்டார்களில் இந்த இடைவெளி இன்னும் கூடும். இரவு வீடு திரும்புவது மட்டும் மலிவுவிலைக் கம்பெனியில் நிச்சயம் அதிகம், பேஸ், அதாவது பணி தொடங்கும் ஊர், உங்கள் ஊராக இருந்தால்.

பாண்ட்

டைப் ரேட்டிங்குக்கு, அதாவது ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதிக்கு, கம்பெனி பணம் போட்டால், இத்தனை காலத்துக்குள் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்டுவேன் என்ற பாண்டில் கையெழுத்து வாங்கும். தொகையைவிட, அது எப்படிக் குறைகிறது என்பதைப் பாருங்கள். 3,00,000 ராண்ட், 36 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் குறைந்தால், 20 மாதத்தில் விலகுகிறவர் கட்ட வேண்டியது சுமார் 1,33,000. ஆண்டு முடிவில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று எழுதியிருந்தால் 2,00,000. ஒரே வரி வித்தியாசம். கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது? சேர்ந்த நாளிலா, லைன் பயிற்சி (பயணிகளோடு பறந்து பெறும் பயிற்சி) முடிந்த நாளிலா? இடையில் ஆறு மாதம்கூட ஓடிவிடும். ஆட்குறைப்பு, மருத்துவச் சான்று பறிபோதல் இரண்டிலும் பாண்ட் ரத்து என்று எழுத்தில் இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள்.

சொந்தப் பணத்தில் 737 டைப் ரேட்டிங் வாங்கிக்கொண்டு வேலை தேடுவது வேண்டாம். கோம்ஏர் மூடியபோது ஆயிரக்கணக்கான மணி 737இல் பறந்தவர்கள் ஒரே நாளில் சந்தைக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட வரிசையில் 250 மணியோடு நிற்பவரின் ரேட்டிங்கை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். புதுப்பிக்க மறுபடி சிமுலேட்டர் செலவு.

சம்பளத்தில் ஒரே ஒரு விஷயம். 'காஸ்ட் டு கம்பெனி' எண்ணுக்குள் மெடிக்கல் எய்டும் பிராவிடன்ட் ஃபண்டும் அடங்கியிருக்கும். அவற்றைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். லைசென்ஸ் இழப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை எவ்வளவு சகஜம் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்சுலின் தொடங்கினால் முதல் வகுப்பு மருத்துவச் சான்று பெரும்பாலும் போய்விடும்.

சங்கத் தகராறு எந்த வகைக் கம்பெனியிலும் உண்டு. 2020 டிசம்பரில் எஸ்ஏஏ விமானிகளுக்கும், 2025 ஜூலையில் ஃபிளைசஃபேர் விமானிகளுக்கும் கதவடைப்பு நடந்தது. மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைத்த பிறகு கார் வாங்கலாம்.

எங்கள் யோசனை: 500 மணிக்குக் கீழே இருந்தால், எந்தப் பெயர் என்று பார்க்காமல், முதலில் கூப்பிடும் டர்பைன் எஞ்சின் விமான வேலைக்குப் போங்கள். ஆயிரத்தைத் தாண்டி இரண்டு அழைப்பு வந்தால், 40 டன்னுக்கு மேற்பட்ட ஜெட்டில் முதலில் உட்கார வைப்பவரிடம் போங்கள், அது பிராந்தியமாக இருந்தாலும். ஏடிபிஎல்லும் ஆயிரம் ஜெட் மணியும் கைக்கு வந்த பிறகு பெரிய கம்பெனி கூப்பிட்டால், குத்தகைத் தேதிகளைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். எங்கே இருந்தாலும் மாதக் கடைசியில் லாக்புக்கின் அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து, பறத்தல் பதிவுத் தாளின் நகலோடு வீட்டில் வையுங்கள். கம்பெனி மூடினால் அதன் கணினியும் அன்றே மூடிவிடும். மணிகளுக்குச் சான்று கொடுக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.