சொத்து வரி: சண்டை போட வேண்டிய இடம் வேறு

சொத்து வரி பில் வந்ததும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் அலுவலகத்துக்குப் போய், “இவ்வளவு தொகைக்கு நான் எங்கே போவேன்?” என்று கேட்கிறார்கள். இரண்டாலும் வரி குறையாது.

வரித்தொகை ஒரு சின்னக் கணக்கு. வீட்டுக்கு ஒரு மதிப்பு வைக்கிறார்கள், அதில் விலக்குகளைக் கழிக்கிறார்கள், மீதியை வரி விகிதத்தால் பெருக்குகிறார்கள். விகிதத்தை முடிவு செய்வது உள்ளாட்சி மன்றம். தனியொரு வீட்டுக்காரர் சொல்லி அது மாறாது. மதிப்பையும் விலக்கையும் மட்டும்தான் நாம் கேள்வி கேட்க முடியும். பணக்கஷ்டத்தைச் சொல்ல வேண்டியது தவணை கேட்கும்போது. மதிப்பீட்டு விசாரணையில் அதற்குக் காதில்லை.

என் கணக்கில் முதல் தவறு, அதிகப் பணம் கரைகிற தவறு, வீட்டைப் பற்றிய பதிவேட்டைப் பார்க்காமலே இருப்பது. உங்கள் வீடு எத்தனை சதுர அடி, எந்த ஆண்டு கட்டியது, எத்தனை மாடி, குடியிருப்பா வணிகப் பயன்பாடா என்று வரி அலுவலகம் ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறது. அந்த விவரங்களை வைத்துத்தான் மதிப்பே போடப்படுகிறது. எழுதியவரும் மனிதர்தானே. இடித்துத் தள்ளிய கொட்டகை அதில் இன்னும் நின்றுகொண்டிருக்கலாம். கார் நிறுத்துமிடம் குடியிருக்கும் அறையாக ஏறியிருக்கலாம். 1,400 சதுர அடி வீடு 1,600 என்று பதிவாகியிருந்தால், பரப்பளவை வைத்து வரி போடும் இடத்தில் ஏழில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டுகிறீர்கள். அதுவும் ஒருமுறை அல்ல, யாராவது திருத்தும்வரை ஆண்டுதோறும். அந்தப் பதிவின் நகலை வாங்கி, டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். அளக்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர்கள் கணக்கு வெளிச்சுவரிலிருந்தா, உள்சுவரிலிருந்தா? இது தெரியாமல் போனால் வரி அலுவலகத்தில் முதல் நிமிடமே வாதம் உடைந்துவிடும்.

வீட்டுக் கடனோடு சேர்த்து வங்கியே வரியையும் கட்டிவிடுகிற ஏற்பாடு உள்ளவர்கள் இதில் கூடுதலாக ஏமாறுகிறார்கள். பில்லே கண்ணில் படுவதில்லை.

அடுத்தது கெடு. பல இடங்களில் பில்லுக்கு முன்பே மதிப்பீட்டு நோட்டீஸ் ஒன்று வரும். “இது பில் அல்ல” என்று அதிலேயே அச்சிட்டிருப்பதால் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆட்சேபிக்க வேண்டிய கடிதம் அதுதான்! அமெரிக்காவின் டெக்சஸில் பொதுவாக மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இவற்றில் எது பிந்தையதோ அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பில் கைக்கு வந்தபின் விழித்துக்கொண்டால் பெரும்பாலும் அந்த ஆண்டு போனதுதான்.

சரி, ஆட்சேபிக்கப் போகிறோம். என்ன ஆதாரம் கொண்டுபோவது? இன்றைய சந்தை விலையை இணையத்தில் தேடி அச்செடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆனால் மதிப்பீட்டுக்கென்று ஒரு தேதி இருக்கிறது; அந்தத் தேதியின் விலைதான் பேசும். இங்கிலாந்தில் கவுன்சில் வரிக்கு (குடியிருப்புகளுக்கான உள்ளாட்சி வரி) வீடுகளை மதிப்புவாரியாகப் பட்டைகளாகப் பிரிப்பது இன்றும் 1991 ஏப்ரல் 1 மதிப்பின்படிதான். அங்கே போன மாத விற்பனை விலையைக் காட்டி என்ன பயன்? உங்கள் வீட்டைப் போன்ற அக்கம்பக்கத்து வீடுகள் அந்தத் தேதியை ஒட்டி என்ன விலைக்குப் போயின என்பதைத் திரட்டுங்கள். கூரை ஒழுகல், சுவர் விரிசல் இருந்தால் புகைப்படமும், பழுதுபார்க்க ஆகும் செலவுக்கு ஒப்பந்தக்காரர் எழுதித் தந்த மதிப்பீடும் சேருங்கள். “பக்கத்து வீட்டுக்காரர் குறைவாகக் கட்டுகிறார்” என்று மட்டும் சொல்வது புகார். அவர் வீட்டின் பரப்பையும் மதிப்பையும் எடுத்து உங்களுடையதன் பக்கத்தில் வைத்தால் அது ஆதாரம்.

ஒரு எச்சரிக்கை. மறுபரிசீலனை கேட்டால் குறையத்தான் செய்யும் என்று நிச்சயமில்லை. இங்கிலாந்தில் பட்டையை எதிர்த்துக் கேட்டவரின் வீடே மேல் பட்டைக்கு ஏறலாம், பக்கத்து வீடுகளும் கூடவே ஏறலாம். முதலில் வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பது நல்லது.

விலக்குகள் பலவும் கேட்டால்தான் கிடைக்கும். முதியோர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர், சொந்த வீட்டில் குடியிருப்போர் என்று ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். இங்கிலாந்தில் வீட்டில் ஒரே ஒரு பெரியவர் இருந்தால் கவுன்சில் வரியில் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. விண்ணப்பிக்காதவருக்கு யாரும் தேடிவந்து தருவதில்லை. எதிர்த்திசைத் தவறும் இருக்கிறது. குடியிருப்பவருக்கான சலுகையை வைத்துக்கொண்டே வீட்டை வாடகைக்கு விடுவது, இறந்தவர் பெயரிலேயே சலுகையைத் தொடர்வது. பிடிபட்டால் பழைய பாக்கி அபராதத்தோடு வரும்.

வீடு வாங்குகிறவர்கள் விற்பவரின் வரி ரசீதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவு என்ற சட்டப்படி, அடிப்படை வரி என்பது வீட்டு மதிப்பில் 1 சதவீதம். மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். ஆனால் கைமாறினால் பொதுவாகப் புதிதாக மதிப்பிடுவார்கள். முப்பது ஆண்டு குடியிருந்தவர் கட்டிய தொகை அவரோடு போய்விடும்.

வழக்கு நடக்கும்போது வரியைக் கட்டாமல் நிறுத்துவது வீண் பிடிவாதம். வட்டி ஏறும். கட்டிவிட்டு வாதாடுங்கள்; வென்றால் திருப்பிக் கேட்கலாம் அல்லது அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம். வெறும் அளவுப் பிழைக்கு, மிச்சமாகும் தொகையில் பங்கு கேட்கிற முகவரும் வேண்டாம். ஒரு கடிதமும் அளவு வரைபடமும் போதும்.

வென்றபின் பதிவேடு உண்மையிலேயே திருத்தப்பட்டதா என்று அடுத்த ஆண்டு நோட்டீஸில் பாருங்கள். சில குறைப்புகள் நிலைப்பதில்லை. சந்தை சரிந்ததால் கலிபோர்னியாவில் கிடைக்கும் குறைப்பு தற்காலிகமானது. விலை மீண்டால் மதிப்பு ஒரே ஆண்டில் 2 சதவீதத்தைத் தாண்டியும் ஏறலாம்; குறைப்பே இல்லாதிருந்தால் அந்த 2 சதவீத விதிப்படி எட்டியிருக்கும் வரம்பைத் தொடும்வரை.